ஒரு பெட்டி ஐஸ்

வீராம்பட்டினத்தில் கரண்ட் இல்லாத பதினெட்டுக் குடிசைகளுக்குச் சிந்துஜா உருவாக்கிய அடுப்பு கிடைக்க வேண்டுமென்றால், அது ஒரு மணி நேரம் நிற்காமல் ஒரு போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அடுப்புகளுக்குப் பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த ஃபாபிரிஸ், அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருக்கும் மீன்காரி மணியம்மாளின் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடுப்பில் மணியம்மாள் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுப்போடு ஒரு தகடு ஒட்டியிருந்தது. அதன் ஒரு பக்கம் நெருப்பில் சுட வேண்டும், மறு பக்கம் தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மின்சாரம் வரும். நாற்பதாவது நிமிடத்தில் தொட்டித் தண்ணீர் சூடேறி ஆவி பறக்க, சார்ஜ் தடுமாறியது.

"கடல் தண்ணிய ஊத்தலாமே?" என்றார் ஃபாபிரிஸ்.

"உப்பு தகட்ட அரிச்சிடும் சார். குழாய்த் தண்ணி காலையிலதான் வரும்," என்றாள் சிந்துஜா.

மணியம்மாள் எழுந்துபோய், விற்க வைத்திருந்த மீன் பெட்டியைத் திறந்து ஐஸை அள்ளித் தொட்டியில் கொட்டினாள்.

"அக்கா, மீனு கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும். சார்ஜ் போட அரியாங்குப்பத்துக்கு யாரு நடக்கறது?"

ஒரு மணி நேரம் முடிந்தது, சார்ஜ் நிற்கவில்லை. ஆனால் ஐஸ் இல்லாத எட்டுக் கிலோ சங்கரா மீனை உடனே ஆக்கியாக வேண்டியிருந்தது. குழம்பு, வறுவல், மறுபடியும் குழம்பு. ஃபாபிரிஸ் மூன்றாவது தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அடுப்பு தேறிடுச்சா சார்?" என்றாள் சிந்துஜா.

"அது அப்பவே தேறிடுச்சும்மா. பதினெட்டும் குடுத்துடலாம்." முள்ளை ஒதுக்கிவிட்டு யோசித்தார். "ஆனாலும் மத்த பதினேழு வீட்லயும் ஒரு தடவ சோதிச்சிடறது நல்லது. நாளைக்கு வஞ்சிரம் யாரு வீட்ல?"