சண்முகையாவின் எலுமிச்சந்தோட்டம்

தெருப் பம்பின் மோட்டார் எரிந்துபோனது. காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்டக் கவுன்சிலர் சண்முகையா அதை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றினார். மேலே தூக்கிக் கொடுத்தவனே கல்லூரி மாணவன் தங்கப்பழம்தான். தோள்பட்டை வலி போக ஒரு வாரமாயிற்று.

ஆகவே, மறுநாள் டீக்கடையில் அவன் சொன்னதற்குத் தெரியாத்தனம் காரணமில்லை. தறிக்குப் போகிறவர்கள், "மோட்டார் எங்கலே?" என்று கேட்டார்கள்.

"புளியங்குடியில அண்ணாச்சி எலுமிச்சந்தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுது" என்றான், முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு. கடையே சிரித்தது. சண்முகையாவுக்குப் புளியங்குடியில் ஒரு தொட்டிச்செடிகூடக் கிடையாது.

சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் அந்தத் தோட்டத்துக்கு வேலி போட்டாகிவிட்டது. அடுத்த நாள் காய்த்தது. அதற்கும் அடுத்த நாள் தறிக்கார இசக்கிப்பாண்டி, "நான் கண்ணால பாத்தேன்வே. நம்ம மோட்டாரேதான், பச்சைப் பெயின்ட்டு" என்றார்.

சண்முகையா கோவில் வாசலில் சூடம் ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். கூட்டம் மிரண்டுதான் போனது.

"சாமி முன்னாலயே கூசாமப் பொய்ச்சத்தியம் பண்ணி அணைக்கான்னா, எம்புட்டு அடிச்சிருப்பான்!"

மோட்டார் சரியாகித் திரும்பி வந்தது. இறக்க விடவில்லை. "நல்லதைத் தோட்டத்துல வச்சுக்கிட்டு ஓட்டையைக் கொண்டாந்திருக்கான்" என்று இசக்கிப்பாண்டி வண்டிக்குக் குறுக்கே நின்றார். மனு போனது. விசாரணை முடியும்வரை மோட்டாரை நகராட்சி ஆபீஸில் வைத்துப் பூட்டினார்கள். விசாரிக்க யாரும் வரவில்லை. சண்முகையா பதவியை எழுதிக் கொடுத்துவிட்டார். பங்குனி வெயிலில் தெருவே குடத்தோடு ஸ்டேஷன் பக்கத்துக் கிணற்றுக்கு நடந்தது. தங்கப்பழத்தின் அம்மாவும் நடந்தாள்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் டீக்கடை நடுவில் போய் நின்றான்.

"தோட்டமே கிடையாது. நான்தான் விளையாட்டுக்குச் சொன்னேன். மோட்டாரை பஸ்ஸுல ஏத்துனதே நான்தான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இசக்கிப்பாண்டி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எவ்வளவுலே குடுத்தான்?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி..."

"சத்தியம் பண்ணவும் அவன்தான் சொல்லிக் குடுத்தானோ?"

தங்கப்பழம் அம்மாவின் குடத்தை வாங்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனான். வரிசையில் அவனுக்கு முன்னால் சண்முகையா வாளியோடு நின்றார்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க."

"அதை விடுலே. தோட்டத்துல இந்த வருஷம் மகசூல் எப்படி? எங்கிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க."

இப்படி ஒரு பதில், அதுவும் சிரிக்காமல். தங்கப்பழத்தின் வித்தையே அதுதான். அவர் முறை வந்ததும் கயிற்றைப் பிடுங்கி, தானே இறைத்து அவர் வாளியை நிரப்பினான்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "பாத்தியளா, வாங்குன காசுக்கு வேலை பாக்கான்."

சண்முகையா வாளியைத் தூக்கினார். போகும்போது அவன் காதோரம் குனிந்தார்.

"இனி எங்கிட்டப் பேசாத மக்கா. உன் பேரும் கெட்டுப்போவும்."