வியாழக்கிழமை மதிப்பெண்

1

இந்தக் கதை ஒரு சீப்பிலிருந்து பிறந்தது. கனடாவின் வின்னிபெக்கில், மனநல ஆலோசகரின் காத்திருப்பு அறையில் ஒரு பெரியவர் கேள்வித்தாளை மடியில் வைத்துவிட்டு முதலில் தலையைச் சீவிக்கொண்டார். பிறகுதான் பேனாவை எடுத்தார். நான் அங்கே எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். அது வேறு கதை.

அவருக்கு வெண்டல் பென்னர் என்று பெயர் வைத்தேன். மனைவி இறந்தபின் வீட்டில் பேச்சே நின்றுபோன ஆள். [அந்த அம்மாவைச் சாகடித்தது எனக்கே பிடிக்கவில்லை. வேறு வழி தோன்றவில்லை.]

2

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெண்டல்...

சீ, வின்னிபெக் என்றாலே பனியா? அடித்துவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று தாள் கேட்கும்: தூக்கம், பசி, எதிலாவது ஆசை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கூட்டுத்தொகை குறைந்தால் ஆள் தேறுகிறார் என்று அர்த்தம். வெண்டலின் எண் வியாழனுக்கு வியாழன் இறங்கிக்கொண்டே வந்தது.

"கலக்கிட்டீங்க வெண்டல்! இந்தக் கோட்டைப் பாருங்க," என்று ஆலோசகர் கொலீன் வரைபடம் இருந்த கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இவ்வளவு இறங்கிட்டா முடிச்சுக்கணும்னு இங்க விதி. வெளியில வேற ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்கே கடைசின்னு வச்சுக்கலாமா?"

"நல்ல மார்க் வாங்கினா பள்ளிக்கூடத்தை விட்டே தொரத்துவீங்களா?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

3

ஏனென்றால் அவர் பொய் எழுதவில்லை. [முதல் வரைவில் எழுத வைத்தேன், மனுஷன் சம்மதிக்கவில்லை.] தாள் இரண்டு வாரத்தைக் கேட்டது; அவர் அந்த நிமிஷத்தைச் சொன்னார். வியாழக்கிழமை காலையில் அவர் சவரம் செய்கிறார், முட்டை பொரித்துச் சாப்பிடுகிறார், தலை சீவுகிறார். கொலீனைப் பார்க்கப் போகிறோம் என்றால் நிஜமாகவே நன்றாக இருக்கிறார். மற்ற நாட்களில் திரைச்சீலையைக்கூட விலக்குவதில்லை. இனி வியாழனும் அப்படித்தான்!

ஒரு முடிவு: கொலீன் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறாள். எங்கே, அவளுக்குத்தான் அடுத்த ஆள் காத்திருக்கிறாரே. இன்னொரு முடிவு: அவர் வீட்டுக்குப் போய்... வேண்டாம். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

4

வெண்டல் மேலங்கியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"அடுத்த வியாழன் காலையில என்ன பண்ணப் போறீங்க?" கொலீன் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"வேலை நெறைய கெடக்கு" என்று எழுதினேன். அடித்தேன். "எந்திரிக்கவே மாட்டேன்" என்று எழுதினேன். அது உண்மை, ஆனால் வெளியே ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபின் அவர் அதைச் சொல்ல மாட்டார். அடுத்தவன் முறையைப் பறித்தது போலாகிவிடுமாம்.

வெளியே, காத்திருப்பு அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான். எழுந்துவிட்டேன். நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கும் கொலீனின் அறை அவசரமாகத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்திருக்கிறது. நன்றாகச் சீவிய தலையோடு வெண்டல் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை.