ரசீது வாங்காத மனு

முத்திரைக்காரர் என்றால் அந்த அலுவலகத்தில் பியூன் முதல் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் தெரியும். தபால் பிரிவில் முப்பத்தொரு வருஷம். மனு கொடுக்க வருகிறவர்கள் அவசரத்தில் கிளம்பினால்கூடக் கூப்பிட்டு நிறுத்தி, நகலில் தேதி முத்திரை குத்திக் கையில் திணிப்பார். "இது இல்லேன்னா நீங்க வந்ததுக்கே சாட்சி கிடையாது" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் தம் சொந்த மனுவுக்கு முத்திரை வாங்கவில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஓய்வு பெற்றபோது அவருடைய பணிக்கொடையை நிறுத்தி வைத்தார்கள். பழைய சம்பளக் கணக்கில் ஏதோ சந்தேகமாம். மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. அந்தப் பணம் வந்தால்தான் ஆபரேஷன். மனு எழுதிக்கொண்டு போனார். பக்கத்து மேஜைக்காரனாக இருந்து சூப்பிரண்டெண்டாக உயர்ந்த நண்பன் அதை வாங்கி இழுப்பறையில் வைத்தான்.

"நகல்ல முத்திரை போட்டுக் குடுத்துடு மச்சான்."

"நமக்குள்ள என்ன மாப்ளே முத்திரை? நான் இருக்கேன்ல."

கேட்டதே தப்போ என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் ஒன்பது வருஷம். எப்போது கேட்டாலும், "ஃபைல் மேல போயிருக்கு. கோர்ட்டு கீர்ட்டுன்னு போய் காரியத்தைக் கெடுத்துக்காதே." கடைசியில் மனைவிதான் பிடித்துத் தள்ளி வழக்குப் போட வைத்தாள்.

விசாரணை அன்று துறையின் பதிலை அரசு வக்கீல் படித்தார். 'மனுதாரர் ஒன்பது ஆண்டுகளாக எந்தக் கோரிக்கையும் வைக்கவில்லை.' கீழே நண்பனின் கையெழுத்து. கை கூசாமல் போட்டிருக்கிறான், பாவி.

"மனு குடுத்ததுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி. குரலில் கடுமைகூட இல்லை.

இவர் நகலை நீட்டினார். நீதிபதி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை நேத்து ராத்திரிகூட எழுதியிருக்கலாமே பெரியவரே."

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

மாடி வராந்தாவில் நண்பன் நின்றிருந்தான். "அடுத்த மாசம் எனக்கும் ரிடையர்மென்ட் மாப்ளே. வாங்கி வச்சு அனுப்பாம விட்டேன்னு ஒத்துக்கிட்டா என்னுதையும் நிறுத்திடுவாங்க. மறந்துதான் போச்சு, சத்தியமா."

"அப்ப அது மேல போகவே இல்லையா?"

"இழுப்பறையிலயே கெடந்துடுச்சு" என்றான் அவன். பணம் போனதுகூட இவருக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. ஒன்பது வருஷம் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் புளுகியிருக்கிறானே என்பதுதான் உறைத்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். நண்பன் அவசரமாக ஓடிவந்து கையை நீட்டினான்.

"மெதுவா தங்கச்சி. கீழ வரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."

அண்ணா என்பதைத் தவிர வேறு வார்த்தையால் அவள் அவனை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"வேண்டாம் சார்" என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினாள்.