நாரைகள் அடைகாத்த வருடம்

தாயில்பட்டிக்கு மேற்கே உள்ள கண்மாயில் சங்குவளை நாரைகள் முதல் முட்டையிட்ட ஜனவரி ஒன்பதாம் தேதியிலிருந்து, அந்த வட்டாரத்தில் தணிந்த பேச்சைவிடப் பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஹாரனும் கோயில் கொட்டும் அடங்கின. பட்டாசு ஆலையில் சோதனைக்குக் கொளுத்திய வெடிகள் காகிதத்தைச் சிதறடித்துவிட்டு ஊமையாகக் கிடந்தன. "என்ன போர்மேன், ஒங்க வெடிக்குத் தொண்ட கட்டிருச்சோ?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "சாத்தூருக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க, காது கிழியும்" என்றார் ஆலை போர்மேன் உக்கிரபாண்டி. ஆலையிலிருந்து லோடு போவது நிற்கவில்லை. இரண்டே வாரத்தில் ஊர் பழகிவிட்டது. சண்டைக்காரர்கள்கூடக் காதோடு காதாகத் திட்டிக்கொண்டார்கள்.

கூடுகளை எண்ணும் வேலை சண்முகத்தாய்க்கு. வனத்துறை கொடுத்த பைனாகுலரோடு தினமும் கரையில் உட்கார்ந்திருப்பாள். எதிர்க்கரை ஆலையில், ஏழாம் நம்பர் அறையில், அவள் மகள் முத்துமாரி வெடிகளுக்குள் மருந்து செலுத்தினாள்.

மார்ச் நான்காம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, நூற்றுப் பன்னிரண்டாவது கூட்டுக்குப் பின்னால், ஆலையின் முதல் அறைக் கூரை சத்தமின்றி மேலெழும்பியதைப் பார்த்தாள். ஒரு நாரைகூட அசையவில்லை. கத்தினாள், வாய் மட்டும் திறந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குறுக்கே ஓடினாள். தரை அதிர்ந்ததை லாரி என்று நினைத்து எல்லா அறையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் கரையேறியது பன்னிரண்டாம் அறைப் பக்கம். நேரே ஏழுக்குப் போயிருக்கலாம். ஆனால் வாசலுக்கு வாசல் முகங்கள் நிமிர்ந்தன. பதற்றத்தில் குரல் உயர்ந்தால் கேட்காது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, மூச்சை அடக்கி, மெல்லச் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னக்கா இப்பிடி நனைஞ்சு வாரீக? நாரை தள்ளிவிட்ருச்சா?" என்று சிரித்தாள் ஒன்பதாம் அறைச் சொர்ணலட்சுமி.

"தீ வருது தாயி. எந்திரிச்சு ஓடுங்க."

இருபத்து மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். எட்டாம் அறை வாசலில் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஏழாம் அறை வெள்ளையாக விரிந்தது.

முத்துமாரியை எடுத்த அன்று தெரு நிறைய வாய்கள் திறந்து மூடின. ஒன்றும் கேட்கவில்லை. "பறவையக் கலைச்சு விட்ருவோமாக்கா? வாய்விட்டாவது அழுதுக்கிடலாம்" என்றாள் சொர்ணலட்சுமி, காதருகே. "குஞ்சு இன்னும் பறக்கல" என்றாள் சண்முகத்தாய். பதினேழாம் நாள் எண்ணப் போனாள்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி காலை ஆறே முக்காலுக்குக் கடைசிக் குஞ்சு பறந்தது. நோட்டில் அதைக் குறித்து, பைனாகுலரை உறையில் போட்டுவிட்டு, சண்முகத்தாய் அழத் தொடங்கினாள். எம். புதுப்பட்டி வரை கேட்டது. அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்கள், தாயில்பட்டியில் நாரை கிளம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள்.