பத்து வருஷத்துக்கு மேல்

செவ்வாய்க்கிழமை என்றாலே இப்போதெல்லாம் எனக்கு ஆபீஸைத் திறக்கவே மனசு வருவதில்லை. பதினோரு மணி பஸ்ஸில் மாகறலிலிருந்து எல்லம்மாள் வந்து இறங்குவார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸ். மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு நாற்காலியில் செத்துப்போன புருஷனின் பச்சைத் துண்டை விரித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்.

"அவரும் கேக்கட்டும் வினோத்து" என்றார் முதல் வாரம்.

புருஷன் தாண்டவராயன் போய் மூன்று மாதம் ஆகிறது. ரோடு போட நிலத்தை எடுத்துக்கொண்டு கவர்மென்ட் கொடுத்த பணத்தை என் மூலமாகத்தான் மியூச்சுவல் ஃபண்டில் போட்டார். ஒரு வருஷத்துக்குள் வேறு நிலம் வாங்க வேண்டும், அதுவரை பத்திரமாக இருந்தால் போதும் என்றார். ஆற்றங்கரையில் நல்ல நிலம் அமைந்த நேரம் பார்த்து மார்க்கெட் விழுந்தது. நாலில் ஒரு பங்கு காணாமல் போனது. நிலத்தை வேறு ஆள் வாங்கிக்கொண்டான். மனுஷன் அப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

எல்லம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். புருஷனின் ஃபண்ட் விண்ணப்பத்தின் நகலை விரித்து, வாரத்துக்கு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்.

"என்.ஏ.வி.ன்னா இன்னா?"

"ஒரு யூனிட்டோட அன்னன்னிக்கு விலைம்மா. நெல்லு மூட்டைக்கு தெனம் ஒரு வெல இல்ல? அதுமாரி."

உடனே துண்டைப் பார்த்து, "யோவ், கேட்டுக்கினியா?" என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் எக்சிட் லோட். குறிப்பிட்ட காலத்துக்கு முன்னால் எடுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள் என்றேன்.

"நம்ம பணத்த நாம எடுக்கறதுக்கா? நல்லா கீது போ!"

அதற்கப்புறம் ஈக்விட்டி, அதாவது மார்க்கெட்டோடு ஏறி இறங்கும் கம்பெனிப் பங்குகள்; அதற்கடுத்த வாரம் ரிஸ்க். நேற்று ஐந்தாவது செவ்வாய். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். முதலீட்டுக் காலம்.

"எத்தினி வருஷத்துக்குப் பணம் தேவைப்படாதுன்னு கேக்கறாங்கம்மா."

"எதுல டிக் கீது?"

தாளைப் பார்த்தே படித்தேன். "பத்து வருஷத்துக்கு மேல."

"படிக்காத முண்டம் நான், எதியோ தப்பாச் சொல்லி டிக்கு போட வச்சு நெலத்தத் தொலைச்சிட்டேன்னு பொலம்பிக்கினே செத்தாரு. இன்னும் வூட்ட வுட்டுப் போவல. சோறு வச்சா காக்கா தொட மாட்டேங்குது. இத யாரு போட்டது நைனா?"

விண்ணப்பம் எழுதிய அன்று டிக் போடத் தாண்டவராயன் பேனாவைத் தொடவே இல்லை. "நீயே போட்டுக்கோ நைனா, எனக்கு இன்னா தெரியும்" என்றார். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும்தான் பேனாவைக் கொடுத்தேன். ஒரு வருஷம் என்று போட்டால் பணம் ஈக்விட்டி இல்லாத ஃபண்டுக்குப் போகும்; அதில் எனக்குக் கமிஷன் சொற்பம்.

"நான்தாம்மா போட்டேன். அவரு ஒரு வருஷம்னுதான் சொன்னாரு."

எல்லம்மாள் அழவில்லை. துண்டின் பக்கம் குனிந்தார்.

"கேட்டுக்கினியா? நீ தப்பாச் சொல்லல. இந்தப் புள்ளதான் மாத்திப் போட்டுச்சாம். போதும்யா, நீ கெளம்பு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே படி இறங்கினார்.

இன்று மதியம் திருமுக்கூடலிலிருந்து இருசப்பன் என்று ஒரு பெரியவர் வந்தார். இரண்டு நாற்காலி இருக்க, துண்டு விரித்திருந்த அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். அவர் பேனாவைத் திருப்பி என்னிடமே தள்ளினார்.

"நீயே போட்டுக்கோ நைனா, எனக்கு இன்னா தெரியும்?"