வீடு காட்டும் நேரம்

வீட்டுப் புரோக்கர் ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. எதிரில் புது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலை பார்த்த மருந்துக்கடையை மூடிவிட்டபோது, அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தாள். அக்கா வீட்டு சோபாவில் படுத்து எழுந்திருப்பவள் கிடைத்த வேலைக்கு மூக்கைச் சுளிக்க முடியுமா?

“ஒரு மாசம் இருந்து பாரு. இந்தத் தொழில் எல்லாருக்கும் ஒத்து வராது,” என்றார் ஆபீஸை நடத்தும் மேடம். “மாசக் கடைசியில நீயே சொல்லு. நான் புடிச்சு வைக்கவும் மாட்டேன், துரத்தவும் மாட்டேன்.”

மேடத்துக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டைக் காட்டும்போது அதில் குடியிருப்பவர் கண்ணில் படவே கூடாது.

“வாங்க வர்றவன் அந்த வீட்டுல தன்னைப் பாக்கணும்டி. கொடியில எவனோட பனியனோ தொங்கினா எப்படிப் பாப்பான்?”

ஆகவே பூனை அரைமணி முன்னதாகப் போவாள். குடும்பத்தை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, செருப்பு, மாத்திரை டப்பா, பல்செட் வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். அதிகம் பேச வேண்டியதில்லை. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாவது வாரம் ஒரு டிரைவர் வீடு விற்பனைக்கு வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் மனைவி பூனையைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“அவருக்கு வீடு விக்கிறது தெரியாதும்மா. வைத்தியத்துக்கு வேற வழியில்ல. சொன்னா வைத்தியமே வேணாம்னு படுத்துடுவாரு. பத்திரம் என் பேர்ல இருக்கு. நான் பாத்துக்குறேன்.”

“எப்படிம்மா அவரை வெளிய...”

“காத்தாடக் கூட்டிட்டுப் போக ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பொண்ணு வருதுன்னு சொல்லியிருக்கேன்.”

அன்று மாலை நான்கு மணிக்கு, மேடம் முன்வாசல் வழியாக ஆட்களை அழைத்து வர, பூனை பின்வாசல் வழியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். டிரைவர் வாய் கொஞ்சம் கோணியிருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை.

“என்ன பாப்பா, மேட்டுல ரெண்டாவது கியர்ல ஏத்துற? வண்டி அணைஞ்சிடும்.”

“கியர் எங்க இருக்குன்னு தெரியலைங்க ஐயா.”

“லைசென்ஸ் குடுத்தவனை உதைக்கணும்.”

அவள் சிரித்துவிட்டாள். வேற்று மனிதர் முன்னால் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

பிறகு வாரத்துக்கு மூன்று நாள் இப்படிப் போனது. பூங்காவில் வேலி ஓரமாக நாற்காலியை நிறுத்துவாள். அவர் ரோட்டில் போகிற பஸ்களுக்கெல்லாம் மதிப்பெண் போடுவார். பிரேக்கைக் குத்துகிறவனுக்கு முட்டை. நிறுத்தத்தில் ஒட்டி நிறுத்துகிறவனுக்கு எண்பது. நடுவில் வீட்டுப் பேச்சு வரும். படிக்கட்டைச் சரிவாக மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால் மாடிக்குப் பூச வேண்டும், கை கொஞ்சம் வந்துவிட்டால் தானே பெயின்ட் அடிப்பேன் என்பார். அப்போதெல்லாம் அவள் குனிந்து சக்கரத்தில் ஏதோ சிக்கியிருப்பது போலப் பார்ப்பாள்.

நான்காவது வாரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரமே திரும்பினார்கள். தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் ஒரு கார். புருஷன் பெண்டாட்டி இருவர் அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஃபைலும் கையுமாக மேடம்.

“யாரு பாப்பா அது? நம்ம வீட்டை எதுக்கு அப்படிப் பாக்குறாங்க?”

பூனை நாற்காலியை நிறுத்தினாள். வாய் திறந்தபோது குரல் தெளிவாக வந்தது. திக்கவில்லை, தடுமாறவில்லை.

“இன்சூரன்ஸ்காரங்க ஐயா. மழைக்கு முன்னாடி எல்லா வீட்டையும் பாத்துட்டு வர்றாங்க. எங்க வீட்டுக்கும் நேத்து வந்தாங்க.”

“அப்படியா? நான் ஒரு நிமிஷம் என்னவோன்னு நெனச்சேன்,” என்று அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஜோடியே வீட்டை வாங்கியது. நடந்ததைக் கேட்ட மேடம் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“எங்க வீட்டுக்கும் வந்தாங்கன்னு ஒண்ணு சேத்த பாரு, அது எனக்கே வராதுடி! உன் மூஞ்சியைப் பாத்தா எவனுக்கும் சந்தேகம் வராது. அமுக்கமா இருந்துட்டு என்ன போடு போட்டுட்ட! இனி நீ என்ன சொல்றது, நானே சொல்றேன். உனக்கு இந்தத் தொழில்தான்.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. “பேசத் தெரியாதுன்னு மூலையில உக்காந்திருந்தவ, பாரேன்!” என்று போன் போட்டு ஊரையே கூட்டினாள். பூனை கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து டிரைவரின் மனைவி ஆபீசுக்கே வந்துவிட்டார். கண் வீங்கியிருந்தது.

“நேத்து சொல்லிட்டேம்மா. நம்பவே மாட்டேங்குறாரு. ‘போடி, அது இன்சூரன்ஸ்காரங்க. அந்தப் பொண்ணு சொல்லுச்சு, அது பொய் சொல்லாது’ங்குறாரு. சோறும் இறங்கல. நீயே வந்து ஒரு வார்த்தை சொல்லிடும்மா.”

மேடம் கண்ணைக் காட்டினார். போகாதே என்று. பூனை எழுந்து அந்த அம்மாவின் பின்னால் நடந்தாள்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வா பாப்பா. இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. நீ சொல்லு, அன்னைக்கு வந்தது யாரு?”

“வீடு வாங்க வந்தவங்க ஐயா.”

எவ்வளவோ சேர்த்துச் சொல்ல நினைத்து வந்திருந்தாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

“அப்ப நீ ஆஸ்பத்திரிப் பொண்ணு இல்ல?”

“இல்லைங்க.”

“இத்தனை நாள் என்னைத் தள்ளிட்டுப் போனது...”

அவர் நல்ல கையால் கோணிய வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் ஆபீஸ் சாவிக்கொத்தை மேடத்தின் மேசையில் வைத்தாள்.

“நீ போனா அந்த வீடு அவருக்குத் திரும்பி வந்துடுமா?” என்றார் மேடம். கோபம் இல்லை, அலுப்புதான்.

“வராது மேடம்.”

“அவர் வைத்தியத்துக்கு நாமதானே வழி பண்ணோம்? அதுல என்ன தப்பு?”

தப்பு என்று பூனையால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

“ஒத்து வரலேன்னு சொல்ல வந்தியா?”

“நல்லா ஒத்து வருது மேடம்,” என்றாள். “அன்னைக்குப் பொய் சொல்ல எனக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கல. அதான்.”

மேடம் சாவியை எடுத்து டிராயரில் போட்டார்.

அக்கா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. இரவு சோபாவில் தலையணையை மட்டும் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போனாள்.

வீடு காலி செய்யும் நாளில், யாரும் கூப்பிடாமலே பூனை அங்கே போனாள். லாரி வந்து நின்றிருந்தது. அந்த அம்மா ஒற்றை ஆளாக நாற்காலியை வாசற்படியில் இறக்கத் திணறிக்கொண்டிருந்தார். பூனை ஓடிப்போய்க் கைப்பிடியைப் பற்றினாள்.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்: “வேற யாரையாவது தள்ளச் சொல்லு.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். லாரிக்காரர் கட்டிலைக் கீழே வைத்துவிட்டு வந்து நாற்காலியைத் தள்ளினார். வெளிக்கேட் காற்றுக்குச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. பூனை போய் அதைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி தெருவுக்கு இறங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.