எருமை விலையில் ஒரு லென்ஸ்

ஒரு கறவை எருமையின் விலைக்கு என் வீட்டுக்காரர் ஒரு பழைய லென்ஸை வாங்கி வந்தபோது, நான் ரெண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறவிருந்த பெங்களூர் ஆங்கிலோ இந்தியர் ஒருவர் விற்றது. உலகச் சண்டைக்கு முந்தைய ஜெர்மன் சரக்காம். விளிம்பெல்லாம் தேய்ந்து, பித்தளை பல்லிளித்தது.

"இது அகலமா பாக்கற லென்ஸ் மேரி. சின்னக் கூடத்துலகூட சுவத்தோட ஒட்டி நின்னு எல்லாரையும் எடுத்துரலாம்," என்றார்.

"எருமைன்னா பாலாவது கறக்கும்," என்றேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் எருமை.

ஓசூரில் எங்கள் ஸ்டுடியோ. அவர், அற்புதராஜ், படம் பிடிப்பார். கழுவுவது, அச்சுப் போடுவது, ஓரம் வெட்டுவது எல்லாம் அன்னமேரியாகிய நான். எருமை வந்ததிலிருந்து என் பாடுதான் திண்டாட்டம். காமிராவில் கண்ணை வைக்கும் ஜன்னல், அதோடு கூட வந்த லென்ஸுக்கு ஏற்றது. எருமையோ ஜன்னலில் தெரியாததையும் ரெண்டு பக்கமும் சேர்த்துப் பார்க்கும். அதற்கென்று காமிராவின் தலையில் செருகும் தனி ஜன்னல் உண்டாம். அதற்கு வேறு விலை சொன்னதும், "என் கண்ணே போதும்" என்று வந்துவிட்டார் மகராசன். மாப்பிள்ளை பெண்ணோடு செருப்புக் குவியலும், வாளியும், பந்திக்குக் காத்திருப்பவரும் படத்தில் விழுந்தார்கள். திட்டிக்கொண்டே வெட்டித் தள்ளினேன்.

அறுபத்தெட்டில் மத்திகிரி ஆரோக்கியநாதன் இறந்துபோனார். சவப்பெட்டியை மூடுமுன் குடும்பமே சுற்றி நின்று படமெடுத்துக்கொள்வது எங்கள் சனத்தின் வழக்கம். உயிரோடு இருந்தவரை ஒரு படத்துக்கும் நின்றிராத மனிதருக்கு அதுவே முதலும் கடைசியும்.

மகள் பவுலினா கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். மாம்பழ வியாபாரி ஃபக்ருதீனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் வாசற்படியோடு சரி. அவள் அண்ணன் ஜேம்ஸ் அன்றும் இறங்கி வரவில்லை.

"அவ அந்தப் பக்கவாட்டுக் கதவோரம் நின்னு பாத்துக்கட்டும். படத்துல உழக்கூடாது," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னான்.

கூடம் குறுகல் என்பதால் இவர் எருமையைத்தான் மாட்டியிருந்தார். சாவு வீட்டுப் பதற்றத்தில் அந்த நினைப்பே இல்லாமல் ஜன்னலில் கண்ணை வைத்தார். கதவு தெரியவில்லை. "உழமாட்டாங்க," என்றார், சத்தியமாக நம்பி.

இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் அச்சுக் காகிதம் மெல்லக் கறுத்தது. முதலில் பெட்டி, பிறகு ஜேம்ஸ், பேரப்பிள்ளைகள். இடது ஓரத்தில் பவுலினா. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தை எட்டிப் பார்த்தபடி இருந்தாள். இந்த லென்ஸ் ஓரத்தில் நிற்பவரைச் சற்று இழுத்துக் காட்டும். அவள் அண்ணனைவிட அகலமாகத் தெரிந்தாள்.

காய்ந்ததும் வழக்கம்போல வெட்ட உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். எல்லாரும் காமிராவைப் பார்க்க, ஜேம்ஸின் அம்மா தேவமணி மட்டும் கதவுப் பக்கம் பார்த்திருந்தார். பவுலினாவை வெட்டிவிட்டால் அந்தப் பார்வை எங்கே போய் நிற்கும்? அவளுக்கும் அப்பாவின் முகம் என்று வேறு எதுவும் கிடையாது. பார்க்கச் சொல்லாததையும் பார்க்கிறது என்றுதானே இத்தனை நாள் இந்த எருமையைத் திட்டினேன்?

அடுத்த வாரம் ஜேம்ஸ் அம்மாவோடு வந்தான். படத்தைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"என்னண்ணா இது? அவ உழமாட்டான்னு சொன்னீங்களே?"

இவர் படத்தை வாங்கி ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

"அந்த ஓரத்த வெட்டிக் குடுங்கக்கா," என்றான் என்னிடம்.

எனக்கு வந்ததே கோபம்! கத்தி பொருத்திய வெட்டுப்பலகையை அவன் பக்கம் தள்ளினேன். "நீயே வெட்டிக்கோ ஜேம்ஸ். என்னால ஆவாது."

வீம்புக்கு அவனும் படத்தைப் பலகையில் வைத்து, கத்தியைத் தூக்கி, குனிந்து கோடு பார்த்தான். கை அப்படியே நின்றது.

"ஏம்மா, எல்லாரும் நேரா பாக்கறப்ப நீ மட்டும் ஏன் அங்க பாத்த?"

தேவமணியம்மா சொன்னார்: "குடும்பப் படம்னாங்க. புள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்களான்னு பாத்தன்."

ஜேம்ஸ் படத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தியைச் சத்தமில்லாமல் இறக்கினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இதே மாதிரி இன்னொண்ணு போடுங்கக்கா. கிருஷ்ணகிரிக்கு அனுப்பணும்," என்றான்.

அவர்கள் போன பிறகும் இவருக்கு மனசு ஆறவில்லை.

"தப்பு எம்மேலதான் மேரி. பெங்களூர்ல தேடி அந்த ஜன்னல வாங்கிக்கினு வந்தர்றன். இனிமே ஓரத்துல ஒருத்தரும் உழமாட்டாங்க."

"ஒண்ணும் வாங்க வேணாம்," என்றேன். "உழறவங்க உழட்டும்."